பஞ்சரை அடைத்த பால் ரிம்மை அரித்த கதை

பஞ்சரான சைக்கிளைக் கடைக்கு உருட்டிச் சென்றால் அங்கே என்ன நடக்கிறது? கடைக்காரர் டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கிறார். உள்ளிருக்கும் டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குகிறார். குமிழி கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புக் காகிதத்தால் தேய்த்து, ஒட்டுப் போட்டுத் தருகிறார். நூறாண்டுகளுக்கு மேலாக இந்த வேலை பெரிதாக மாறவில்லை.

ஆனால் மலைப்பாதைகளிலும் பந்தயங்களிலும் ஓடும் இன்றைய சைக்கிள்கள் பலவற்றில் டியூபே கிடையாது. டயரும் ரிம்மும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக் காற்றைத் தாமே அடக்கிக்கொள்கின்றன. டயருக்குள் ஒரு சிறிய குவளை அளவு வெண்ணிறத் திரவம் ஊற்றி வைத்திருப்பார்கள். இதற்குக் கடைகளில் ‘சீலண்ட்’ என்று பெயர். முள் குத்தினால் காற்றுடன் இந்தத் திரவமும் துளை வழியே பீச்சிக்கொண்டு வெளியேறும். வரும் வழியிலேயே உறைந்து துளையை அடைத்துவிடும். ஓட்டுபவருக்குப் பஞ்சர் ஆனதே தெரியாமல் போவதும் உண்டு.

அருமையான ஏற்பாடு அல்லவா? ஆனால் இப்படி ஓடிய சக்கரங்கள் சிலவற்றின் டயரைச் சில காலம் கழித்துக் கழற்றியபோது வேறொரு காட்சி தெரிந்தது. அலுமினிய ரிம்மின் உட்புறத்தில் வெண்பொடி பூத்திருந்தது. பொடியைத் துடைத்தால் அடியில் சிறு சிறு குழிகள். சில சக்கரங்களில் ஸ்போக் கம்பியின் முனையைப் பிடித்து நிற்கும் நிப்பிள்களின் தலை துண்டித்து விழுந்து கிடந்தது. இது சிறிய விஷயமல்ல. நன்றாக முறுக்கப்பட்ட சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையுடன் நிற்கிறது. மலைச்சரிவில் விரைந்து இறங்கும்போது நிப்பிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

பஞ்சரைத் தடுக்க வந்த திரவம் ரிம்மையே ஏன் தின்றது? விடை காண வேண்டுமானால் ஒரு மரத்தின் பாலையும், ஓர் உலோகத்தையும், ஒரு கப்பலின் ஆணிகளையும் தேடிப் போக வேண்டும்.

பால் திரியாமல் இருக்க

இரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடுகள். அதன் விதைகளை 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். எழுபதாயிரம் விதைகளில் சிறு பங்கே முளைத்தது. அதே ஆண்டில் சுமார் 1,900 நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. தென்கிழக்கு ஆசியாவின் பெரிய தோட்டங்களுக்கெல்லாம் அந்த விதைகளே மூலம். கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களுக்கு இரப்பர் பால் புதிதல்ல. அதிகாலையில் பட்டையைச் சீவி, சிரட்டையில் சொட்டும் பாலைச் சேர்த்து, அமிலம் கலந்து உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்குவதைப் பார்த்திருப்பார்கள்.

அமிலம் கலந்தால் பால் ஏன் உறைகிறது? இரப்பர் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் கோடானுகோடி நுண்ணிய இரப்பர்த் துணுக்குகள். ஒவ்வொரு துணுக்கின் மேலும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய போர்வை. அதன்மேல் எதிர் மின்னேற்றம். ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று விலக்குவதால் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளாமல் மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தைப் போக்கிவிடும். துணுக்குகள் கூடித் திரளும். வீட்டில் பசும்பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் திரிவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

தகடாக்குபவருக்கு இந்த உறைதல் தேவை. பாலைப் பாலாகவே தொலைதூரத்துக்கு அனுப்ப விரும்புபவருக்கு இதுவே பெருந்தொல்லை. யாரும் அமிலம் கலக்காவிட்டாலும் பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்துவிடும். மரத்திலிருந்து இறங்கிய பால் சில மணி நேரத்திலேயே கெட்டியாகத் தொடங்கும். இதற்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மருந்து கண்டார்கள். அது அம்மோனியா. அது பாக்டீரியாக்களையும் அடக்குகிறது. பாலைக் காரத்தன்மையிலும் நிறுத்துகிறது. கையுறையும் பலூனும் மெத்தையும் செய்யும் தொழிற்சாலைகளுக்கு இன்றும் இரப்பர் பால் பெரும்பாலும் அம்மோனியா கலந்தே போய்ச் சேருகிறது. செறிவூட்டிய பாலில் சுமார் 0.7 சதவீதம் வரை அம்மோனியா இருக்கும். குறைந்த அம்மோனியா வகையில் 0.2 சதவீதம் அளவும், துணைக்கு வேறு காப்பான்களும் இருக்கும். அம்மோனியா மிகுந்த பாலின் பி.எச். எண் 10-ஐத் தாண்டி நிற்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம் அணிந்த சட்டை

1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். (ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார், உலகம் அதை மறந்துவிட்டது.) அதே 1888-இல் பாக்சைட்டிலிருந்து தூய அலுமினாவைப் பிரிக்கும் முறையை கார்ல் பேயர் என்ற வேதியியலார் வகுத்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் ஹெரால்ட்டும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினாவிலிருந்து அலுமினியத்தைப் பிரித்திருந்தார்கள். இருவரும் பிறந்த ஆண்டு 1863. மறைந்த ஆண்டும் ஒன்றே, 1914. அதுவரை வெள்ளியைப் போலப் போற்றப்பட்ட உலோகம் அடுக்களைக்கு இறங்கிவந்தது இவர்களால்தான்.

அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் மூன்றிலொரு பங்கே. ஆனால் தூய நிலையில் அது மென்மையானது. ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் சுமார் 4 சதவீதம் செம்பும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் திடீரென்று குளிர்வித்தார். சில நாட்கள் கழித்து மீண்டும் சோதித்தபோது அது தானாகவே வலுவடைந்திருந்தது. இது நடந்தது 1906-இல். துராலுமின் என்று பெயர் பெற்ற இந்தக் கலவை வான்கப்பல்களின் எலும்புக்கூடாயிற்று. பிறகு சைக்கிளுக்கும் வந்தது. 1934-ஆம் ஆண்டு பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் அந்தோனான் மான்ய் துராலுமின் ரிம்மில் ஓடி வென்றார். ரகசியம் வெளியே தெரியாதிருக்க அந்த ரிம்முக்கு மரத்தின் நிறம் பூசியிருந்தார்கள் என்று சொல்வார்கள். அப்போதைய பந்தய ரிம்கள் மரத்தால் ஆனவை.

‘அலுமினியம் துருப்பிடிக்காது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. அலுமினியம் ஆக்சிஜனுடன் கூடத் துடிக்கும் உலோகம். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஆக்சைடுப் படலம் ஒன்று உருவாகிவிடும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் சில பங்குகளே. ஆயினும் இரும்பின் துருவைப் போல உதிராமல் உடலோடு ஒட்டிய சட்டையாக நின்று, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கீறினாலும் உடனே புதிதாக வளர்ந்துவிடும்.

இந்தச் சட்டையைக் கரைக்கும் பொருள்கள் உண்டு. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்கரைசலை வைக்காதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது அமிலத்துக்கு அஞ்சி. சலவை சோடாவால் கழுவினால் அதே பாத்திரம் கறுத்துப் பொலிவிழப்பது காரத்தின் வேலை. அமிலத்திலும் காரத்திலும் ஒருங்கே கரையும் இத்தகைய ஆக்சைடை ஈரியல்புடையது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பெல்ஜிய விஞ்ஞானி மார்செல் பூர்பே ஒவ்வொரு உலோகமும் எந்த நிலையில் கரையும், எந்த நிலையில் காப்புப் படலம் பூணும் என்பதையெல்லாம் வரைபடங்களாக்கி 1963-இல் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். அதில் அலுமினியத்தின் பக்கத்தைப் புரட்டினால், அதன் சட்டை நிலைத்திருக்கும் எல்லை ஏறத்தாழ பி.எச். 4 முதல் 8.5 வரை.

இப்போது முந்தைய எண்ணை நினைவுகூருங்கள். இரப்பர் பால் திரியாமலிருக்க பி.எச். 10-க்கு மேல் வேண்டும். அலுமினியம் அரிக்காமலிருக்க 8.5-க்குக் கீழ் வேண்டும். ஒன்றுக்கு நலமான இடம் மற்றதற்கு ஆகாது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அம்மோனியாவின் மீது முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. அது காஸ்டிக் சோடாவைப் போன்ற முரட்டுக் காரமல்ல. திறந்த தொட்டியில் அலுமினியத் தகட்டை அம்மோனியா நீரில் போட்டால் முதலில் சிறிது அரித்துவிட்டுப் பின்பு அடங்கிவிடுவதைக் காணலாம். சக்கரத்துக்குள் இருப்பது திறந்த தொட்டியல்ல. இடுக்குகள், காயாத ஈரம், சாலையிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வந்து சேரும் உப்பு எல்லாம் அங்கே கூடுகின்றன. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் ஆக்சைடுச் சட்டையில் ஊசி முனைத் துளைகளைப் போடுவதில் கைதேர்ந்தவை. போதாததற்கு வேற்று உலோகமும் பக்கத்தில் நிற்கிறது.

ஆணிகளைக் காத்த காகிதம்

வேற்று உலோகம் நின்றால் என்ன? என் கருத்தில் இந்த வரலாற்றின் மிகச் சுவையான பக்கம் இதுதான்.

மரக் கப்பல்களின் அடிப்பாகத்தைக் கடற்புழுக்கள் துளைத்துவிடும். அதைத் தடுக்க 1761-இல் ஆங்கிலக் கடற்படை ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் செப்புத் தகடுகளால் மூடி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763-இல் சோதித்தபோது செம்பு பழுதின்றி இருந்தது, புழு அண்டவில்லை. ஆனால் செம்பைத் தொட்டு நின்ற இரும்பு ஆணிகள் பல இடங்களில் அரிக்கப்பட்டுக் கூழாகியிருந்தன. வியப்பு என்னவென்றால், சில ஆணிகள் மட்டும் புதியவை போலவே இருந்தன. ஏன் என்று ஆராய்ந்தார்கள். செப்புத் தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்திருந்தன. அவசரத்தில் சில இடங்களில் காகிதத்தை நீக்காமலே அடித்துவிட்டார்கள். செம்புக்கும் ஆணிக்கும் நடுவே அந்தக் காகிதம் நின்ற இடங்களில் எல்லாம் ஆணி தப்பித்திருந்தது! ஒரு போர்க்கப்பலின் உயிரைச் சில இடங்களில் காத்தது யாரோ ஒருவரின் அவசரம்.

இதற்கு அப்போது விளக்கம் கிடைக்கவில்லை. கால்வானியும் வோல்ட்டாவும் பிறகுதான் வந்தார்கள். 1800-இல் வோல்ட்டா இரு வேறு உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்பு நீரில் நனைத்த அட்டையை வைத்து மின்சாரம் பெற்றார். கப்பலின் அடியில் நடந்ததும் அதுவே. செம்பு, இரும்பு, இரண்டையும் இணைக்கும் கடல்நீர்; ஒரு மின்கலம் தானாகவே அமைந்துவிட்டது. அந்த மின்கலத்தில் எளிதில் எலெக்ட்ரானை இழக்கும் உலோகம் கரையும், மற்றது பிழைக்கும்.

1824-இல் சர் ஹம்ப்ரி டேவி இந்த உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ சிறு துண்டாகச் சேர்த்தார். அந்தத் துண்டு கரைந்தது. செம்பு சிறிதும் கரையவில்லை. விஞ்ஞானத்துக்கு வெற்றி. ஆனால் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்ததால்தான் அதன் நஞ்சுக்கு அஞ்சிச் சிப்பிகளும் பாசியும் கப்பலை அண்டாமல் இருந்தன என்பது பிறகு புரிந்தது. கரையாத செம்பின்மேல் அவை கூட்டமாகக் குடியேறின. கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

சைக்கிள் சக்கரத்துக்குத் திரும்புவோம். ரிம் அலுமினியம். கம்பி துருவேறா எஃகு. நிப்பிள் பித்தளை அல்லது அலுமினியம். இவற்றின் நடுவே ஈரமான திரவம் தேங்கினால் ‘அலாரம்’ கப்பலின் அடிப்பாகம் ஒன்று சிறிய அளவில் உருவாகிறது, பலியாவது அலுமினியம். அண்மைக் காலத்தில் பரவிய கார்பன் இழை ரிம்களில் நிலைமை இன்னும் கடுமை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், எளிதில் கரையாது. அதைத் தொட்டு நிற்கும் அலுமினிய நிப்பிள் ஈரம் பட்டால் விரைவில் பொடியாகும். ஆகவே கார்பன் ரிம்முக்குப் பித்தளை நிப்பிளே நல்லது என்று சக்கரம் கட்டுவோர் பலர் சொல்கிறார்கள்.

பித்தளைக்கும் அம்மோனியாவோடு ஒரு பழம்பகை உண்டு. அது வெளிப்பட்டது நம் நாட்டில். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்திருந்தபோது தாமாகவே வெடிப்பு விட்டன. யாரும் தொடவில்லை, சுடவில்லை. மழைக்காலத்தில் வந்ததால் ‘பருவ வெடிப்பு’ என்று பெயரிட்டார்கள். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் காரணத்தை விளக்கினார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியா, மழைக்கால ஈரம், உறையை உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை: இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பித்தளை பிளக்கும். ஒன்றை நீக்கினாலும் பிளக்காது. உறைகளை இளஞ்சூட்டில் பதப்படுத்தி உள் இழுவிசையைப் போக்கினால் ஆபத்து விலகியது. பித்தளை நிப்பிளில் எந்நேரமும் இழுவிசை உண்டு. பெரும்பாலும் நிக்கல் பூச்சு அதைக் காக்கிறது. பூச்சு தேய்ந்த இடத்தில் அம்மோனியா கலந்த ஈரம் தேங்குவது நல்லதல்ல.

துளைகள் நடுவே வந்தபோது

இரப்பர் பாலும் அலுமினியமும் நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்தன. அவை சந்தித்தது எப்படி?

காருக்கு டியூபில்லாத டயரை அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் பிராங்க் ஹெர்செக் உருவாக்கினார். 1952-இல் காப்புரிமை கிடைத்தது. 1950-களின் நடுவிலேயே அமெரிக்காவின் புதிய கார்களில் அது வழக்கமாகிவிட்டது. சைக்கிளுக்கு அது வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. காரணம் எளியது. காரின் சக்கரம் துளையற்ற தகடு. சைக்கிள் ரிம்மிலோ கம்பிக்குக் கம்பி ஒரு துளை. முப்பத்தாறு கம்பி என்றால் காற்று தப்பிக்க முப்பத்தாறு வழிகள்!

1999-இல் பிரான்சின் மேவிக் நிறுவனம் டயர் நிறுவனங்களுடன் சேர்ந்து மலைப்பாதைச் சைக்கிளுக்கான டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தது. அந்த ரிம்மின் உட்சுவரில் துளையே போடவில்லை. கம்பிகளை வெளிச்சுவரிலேயே திருகிப் பொருத்தினார்கள். காற்றும் கசியாது, உள்ளே எது இருந்தாலும் கம்பியின் முனையைத் தொடாது. ஆனால் அத்தகைய ரிம் விலை மிகுந்தது. கனமும் சற்றே கூடியது.

விரைவிலேயே எளிய வழி ஒன்று பிறந்தது. அமெரிக்காவில் ஸ்டான் கோசியாடெக் என்பவர் 2001-இல் தொடங்கிய நிறுவனம், சாதாரணத் துளை ரிம்மையே டியூப்லெஸ்ஸாக மாற்றக் கற்றுக்கொடுத்தது. உட்சுவரின் துளைகளின்மேல் காற்றுப் புகாத ஒட்டுநாடாவைச் சுற்றுவது. உள்ளே இரப்பர் பால் கலந்த திரவத்தை ஊற்றுவது. அவ்வளவே. ஆயிரக்கணக்கான பழைய சக்கரங்கள் புதிய வாழ்வு பெற்றன. இது நல்ல பொறியியல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இனி நிப்பிளுக்கும் திரவத்துக்கும் நடுவே நிற்பது அந்த மெல்லிய நாடா ஒன்றே. ‘அலாரம்’ கப்பலின் பழுப்புக் காகிதம் அங்கே யாருடைய கைத்தவறாகவோ வந்தது. இங்கே நாமே அதை ஒட்டி வைக்கிறோம்.

நாடா சரியாக ஒட்டாத இடத்தில், வால்வுக்காகத் துளைத்த ஓரத்தில், டயர் நெம்பி கீறிய கோட்டில் திரவம் உள்ளே புகுந்துவிடும். ரிம்மின் உட்கூட்டில் தேங்கும். அங்கே காற்றோட்டமில்லை, எளிதில் காயாது. வெளியே பளபளக்கும் ரிம்மைப் பார்த்து உள்ளே நடப்பதை ஊகிக்கவும் முடியாது. மேலே பூசிய அனோடைசிங் பூச்சு காக்காதா என்று நீங்கள் கேட்கலாம். துராலுமினால் ஆன கடல் விமானப் பாகங்களைக் காக்க பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இரு ஆங்கிலேயர் 1923-இல் கண்டுபிடித்த முறை அது. மின்சாரத்தால் ஆக்சைடுச் சட்டையை ஆயிரம் மடங்குக்கு மேல் தடிமனாக்கலாம். ஆனால் சட்டை தடித்தாலும் துணி அதே ஆக்சைடுதான். காரத்துக்கு அது முழுமையான தடையல்ல. மேலும் பூச்சு ஏறிய பிறகு துளையிட்டால் துளையின் ஓரத்தில் வெற்று உலோகம் தலைகாட்டும். கம்பி இழுக்கும் அழுத்தம் முழுவதும் விழுவது அந்த ஓரத்தில்தான்.

மாற்று வழிகள்

இன்று விற்கும் திரவங்களில் பலவற்றில் அம்மோனியா இல்லை, அல்லது மிகக் குறைவு. இதற்கு வழி வகுத்தது இரண்டாம் உலகப் போர் என்றால் வியப்பாக இருக்கும். 1942-இல் ஜப்பான் மலேயாவையும் பிற தோட்ட நாடுகளையும் கைப்பற்றியதும் அமெரிக்காவுக்கு இரப்பர் வரத்து நின்றது. ஸ்டைரீன், பியூட்டாடையீன் இரண்டையும் கொண்டு செயற்கை இரப்பரைப் பெருமளவில் செய்யும் திட்டம் அப்போது விரைந்தது. அந்தச் செயற்கை இரப்பரும் முதலில் பால் வடிவில்தான் பிறக்கிறது. அதில் மரத்தின் புரதம் இல்லை. பாக்டீரியாக்களுக்கு விருந்து இல்லை. சோப்பு போன்ற பொருள்களே துணுக்குகளைப் பிரித்து நிறுத்துவதால் அம்மோனியா தேவைப்படுவதில்லை. அலுமினியத்துக்கு இதமான பி.எச். அளவில் இதை வைத்திருப்பது எளிது.

ரிம்மும் மாறியிருக்கிறது. செம்பு மிகுந்த துராலுமின் எளிதில் அரிபடும் கலவை. இன்றைய ரிம்களில் பெரும்பாலும் மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த அலுமினியம். வலிமை சற்றுக் குறைவு, தாங்கும் தன்மை மிகுதி.

டியூப்லெஸ் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர் உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை டயரைக் கழற்றும்போது கூட நின்று பாருங்கள். முதலில் வால்வுத் துளையைச் சுற்றிப் பாருங்கள். வெண்பொடி அங்கேதான் முதலில் தென்படும். காய்ந்த இரப்பர் தோலை விரலால் உரித்துவிட்டு, ரிம்மைச் சாதாரணத் தண்ணீரால் கழுவி நன்றாக உலர விடச் சொல்லுங்கள். சலவை சோடா வேண்டாம். காரணம் உங்களுக்குத் தெரியும். பழைய நாடாவின் ஓரம் எங்காவது தூக்கியிருந்தால் முழுவதையும் உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். ஒட்டின்மேல் ஒட்டு உதவாது. ரிம்மைக் காதருகே வைத்து உலுக்கினால் உள்ளே ஏதேனும் குலுங்குகிறதா என்றும் கேளுங்கள். குலுங்கினால் அது பெரும்பாலும் ஒரு நிப்பிளின் தலை. அந்தச் சக்கரத்தைக் கம்பி கம்பியாகச் சோதிக்காமல் மலைப்பாதைக்குக் கொண்டுபோகக் கூடாது.